திறக்க வேண்டாமென்று சொன்ன ஓவன்

"என்னடி விண்ணரசி, வீட்டுக்குள்ளயே ரைஸ் மில்லு போட்டுட்டியா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள் அடுத்த வீட்டு ரோஸ்லின்.

மில் ஒன்றும் இல்லை. சமையல்கட்டில் முந்தின நாள் மீன்குழம்பு சூடாகிக்கொண்டிருந்தது. சூடாக்கிய மைக்ரோவேவ் ஓவன்தான் அப்படி அலறியது. விண்ணரசி ஓடிப்போய் அதை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் மேடையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அடைக்கலராஜ் அந்த ஓவனை மே மாதம் லீவில் வந்தபோது குவைத்திலிருந்து கொண்டுவந்தான். ஈராக் சண்டை ஓய்ந்து விமானம் ஒழுங்காக ஓட ஆரம்பித்த சமயம். மனுஷன் உயிரோடு வந்து சேர்ந்ததைப் பார்க்க வந்த தெரு, தெர்மாகோலுக்குள்ளிருந்து அவன் வெளியே எடுத்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துவிட்டு அவனை மறந்துபோனது. நெருப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கக் கீழ்வேளூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். மூன்று மாதம் சத்தமே தெரியாமல் வேலை செய்த பெட்டி, வேளாங்கண்ணியில் கொடியேறிய அன்றைக்கு முனக ஆரம்பித்தது. பிறகு உறுமியது. இப்போது அரைக்கிறது.

சத்தத்தைக்கூட விண்ணரசி பொறுத்துக்கொண்டிருப்பாள். போன வெள்ளிக்கிழமை போனில் அடைக்கலராஜ் பேசிய விதம்தான் அவள் மனதை அரைத்தது.

"அதைத் தூக்கிப் பரண்ல போடு. கடையில குடுக்காத. எவனையும் திறக்க விடாத. நான் வந்து பாக்குறேன்."

"நீங்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகுமே."

"ரெண்டு வருஷம் குழம்பை அடுப்புல சுட வச்சா செத்தா போயிடுவ?"

அவன் அப்படிப் பேசுகிற ஆளில்லை. எட்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வருகிறது. ஒருநாள்கூட அவன் குரல் உயர்ந்ததில்லை. ஒரு பெட்டியைத் திறப்பதற்கு எதற்கு இவ்வளவு பதற்றம்? அதோடு, 'நான் வந்து பாக்குறேன்' என்றானே, கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஷோரூமில் சூப்பர்வைசராக இருப்பவன் வந்து இதில் எதைப் பார்ப்பான்?

இன்னொன்றும் இருந்தது. கம்பெனி அட்ரஸ் கேட்டால் மூன்று வாரமாக ஒரே பதில்தான்: ஷோரூம் வேறு இடத்துக்கு மாறப்போகிறது, மாறியதும் சொல்கிறேன்.

அட்ரஸ் தேவைப்பட்டது அவளுக்கு இல்லை, நாகப்பட்டினம் ரெமிஜியஸ் சாருக்கு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் ரெஜினுக்கு விண்ணரசியின் மகள் ஃபெபியைக் கேட்டிருந்தார்கள். ரோஸ்லின் சொல்லி வந்த சம்பந்தம். பையன் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஃபெபி பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருக்கிறாள். போட்டோ பார்த்து இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

"நான் விசாரிக்காம எதையும் செய்யமாட்டேன்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ரெமிஜியஸ் சார் முன்பே சொல்லியிருந்தார். "என் தங்கச்சி மகன் குவைத்துலதான் இருக்கான். கம்பெனி பேரும் அட்ரசும் ஞாயித்துக்கிழமை குடுங்க. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டும். சூப்பர்வைசர்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க சார், சூப்பர்வைசர்தான்" என்று அவள் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள்.

திறக்க வேண்டாத பெட்டியும் கொடுக்க முடியாத அட்ரஸும் அவள் மனதில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. குவைத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பணம் அனுப்பிய ஒருவன் கதை பக்கத்து ஊரிலேயே உண்டு. முத்துப்பேட்டைப் பக்கம் ஒருவன் டி.வி.க்குள் தங்கம் ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டான். எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் ரெமிஜியஸ் சார் முன்னால் உட்கார்ந்து இன்னொரு தடவை 'ஆமாங்க சார்' என்று சொன்னால், நாளைக்கு ஃபெபியின் பெயரும் சேர்ந்து கெடும்.

"மெக்கானிக் மருதையன் அண்ணனை வரச் சொல்லப்போறேன்" என்றாள் ரோஸ்லினிடம்.

"சொல்லு. ஆனா பக்கத்துலயே உக்காந்துக்க. என் கிரைண்டர் மோட்டாருக்கு என்ன ஆச்சு தெரியும்ல? குடுக்கறப்ப செம்புக் கம்பி, வாங்கறப்ப அலுமினியம். ஃபாரின் சாமான்னா கேக்கவே வேணாம்."

"அவரா செஞ்சாரு?"

"அவரு இல்ல, வேற ஆளு. எல்லாருக்கும் கை ஒண்ணுதான்."

அந்தத் தெருவில் நான்கு வீட்டு ஆட்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். நான்கு வீட்டிலும் ஒரே வழக்கம்தான். வெளிநாட்டுச் சாமானை மெக்கானிக் திறந்தால் வீட்டுக்காரி நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்திலும் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைப்பாள். திரும்ப மாட்டும்போது புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பாள். மெக்கானிக்குகளுக்கும் இது பழகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மருதையன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது. கீழ்வேளூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை. ரேடியோவில் ஆரம்பித்து டி.வி.க்கு வந்தவர்.

"ஓவன் பாத்திருக்கீங்களா அண்ணே?"

"மூணு பாத்திருக்கேன் தங்கச்சி. ரெண்டு பொழைச்சுது."

ஃபெபி உள்ளேயிருந்து சிரித்தாள். விண்ணரசி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நகப்பூச்சுப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மருதையன் உடனே ஸ்குரு டிரைவரை எடுத்துவிடவில்லை. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஓட்டச் சொன்னார். ஓவன் அலறியது. நிறுத்தி, சுற்றுகிற கண்ணாடித் தட்டையும் அதற்கடியிலிருந்த சக்கர வளையத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அதே அலறல்.

"தட்டு இல்ல" என்றார். "நூத்துக்கு அம்பது வீட்டுல சோத்துப் பருக்கை சக்கரத்துல மாட்டிக்கிட்டுதான் கத்தும். இது அது இல்ல."

பிறகு சூட்டை மிகக் குறைவாக வைத்தார். இப்போது ஒரு வேடிக்கை நடந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பின்பக்கம் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் அலறல் மட்டும் பத்து விநாடி வருவதும் பத்து விநாடி நிற்பதுமாக இருந்தது. மருதையன் நீளமான ஸ்குரு டிரைவரின் நுனியைப் பெட்டியின் வலது பக்கம் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் நெஞ்சைச் சோதிக்கிற மாதிரி இருந்தது.

"காத்தாடியா இருந்தா நிக்காம கத்தணும். இது சூடு ஏறுறப்ப மட்டும் கத்துது. தண்ணி சுட்டிருக்கா பாருங்க."

சுட்டிருந்தது.

"அப்ப சூடாக்குற சாமான் கெடல. அதுக்குக் கரண்டு ஏத்திக் குடுக்குற டிரான்ஸ்பார்மர்தான் உக்கார முடியாம ஆடுது. திறந்துதான் பாக்கணும்."

"வேற என்ன இருக்கும் உள்ள?" என்று கேட்டாள் விண்ணரசி.

"வேற என்ன இருக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார் மருதையன், அவளை ஒரு பார்வை பார்த்து.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பினார். பின்பக்கத் திருகாணிகளைப் பார்த்ததும் அவர் கை நின்றது. கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"ஏன் தங்கச்சி, இது புதுசுன்னா சொன்னீங்க?"

"புதுசுதான். டப்பாவோட வந்துது. தெர்மாகோல்கூடப் பரண்ல இருக்கு."

"டப்பா புதுசா இருக்கும். இந்தப் பெட்டியை ஏற்கெனவே திறந்திருக்காங்க. இதோ பாருங்க, அஞ்சு திருகாணி ஒரு ஜாதி, ஆறாவது வேற ஜாதி. தலையெல்லாம் தேஞ்சிருக்கு."

விண்ணரசிக்குச் சுருக்கென்றது. ஆரம்பித்துவிட்டானா? முன்பே யாரோ திறந்தார்கள் என்று சொல்லி வைத்துக்கொண்டால், பிறகு எந்தப் பாகம் காணாமல் போனாலும் பழி அந்த யாரோ மேல்தானே போகும்.

"கம்பெனியிலயே அப்படிப் போட்டிருப்பாங்க" என்றாள் விறைப்பாக. "நீங்க கழட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

"நல்லாப் பாருங்க. பாக்கத்தானே உக்காந்திருக்கீங்க."

மேல்மூடி வந்தது. அவள் புள்ளி வைக்கக் கையை நீட்டினாள். "தொடாதீங்க!" என்று மருதையன் போட்ட சத்தத்தில் நகப்பூச்சு புடவையில் சிந்தியது.

"பிளக்கைப் புடுங்கிட்டாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும். இந்தா இந்தத் தகரக் குப்பிக்குள்ள. ஒரு ஆளைச் சாய்க்கப் போதும்." ரப்பர் பிடி போட்ட ஸ்குரு டிரைவரால் குப்பியின் இரண்டு முனையையும் சேர்த்தார். 'டப்' என்று நீலப்பொறி தெறித்தது.

"எரிச்சிட்டீங்களா?"

"எரிக்கல. இறக்கி விட்டிருக்கேன். இப்ப வைங்க உங்க பொட்டை. வச்சு முடிச்சதும் ஆரத்தி எடுத்துடலாம்."

விண்ணரசி ஒன்று, இரண்டு என்று புள்ளி வைத்துக்கொண்டே போனாள். மருதையன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். டிரான்ஸ்பார்மர் பக்கம் வந்ததும் நாக்கால் சப்புக் கொட்டினார். கனத்த இரும்புக் கட்டி அது. அதன் நான்கு கால்களில் இரண்டுக்குத்தான் திருகு இருந்தது. மற்ற இரண்டு காலும் அடித்தகட்டின் ஓட்டைகளுக்குப் பொருந்தாமல் தள்ளி நின்றன. அந்தக் கால்களுக்கடியில் நீலநிறத்தில் ஏதோ கருகிச் சுருங்கிக் கிடந்தது. இடுக்கியால் வெளியே எடுத்தார்.

ஹவாய் செருப்பின் அடியை வெட்டிய துண்டு.

"இந்த டிரான்ஸ்பார்மர் இந்தப் பெட்டியோடது இல்ல" என்றார் மருதையன். "வேற பெட்டியோடதை எடுத்து இதுல உக்கார வச்சிருக்காங்க. ஓட்டை சேரலைன்னதும் செருப்பை வெட்டி முட்டுக் குடுத்திருக்காங்க. சூட்டுல ரப்பர் கருகி விழுந்ததும் ஆட ஆரம்பிச்சிருச்சு. இதான் உங்க ரைஸ் மில்லு." துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குவைத்துக்காரன் செருப்பு வெட்டி முட்டுக் குடுக்கமாட்டான் தங்கச்சி. இது நம்மாளு வேலை. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒயரெல்லாம் என்ன சுத்தமா முறுக்கிக் கட்டியிருக்கான் பாருங்க. கைத்தொழில் தெரிஞ்சவன்."

"செருப்பு எங்க வீட்டுதுன்னு சொல்லாம விட்டீங்களே" என்றாள் விண்ணரசி. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மருதையன் கோபப்படவில்லை. டார்ச்சை டிரான்ஸ்பார்மரின் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். "இங்க என்னமோ எழுதியிருக்கு. நான் ரிப்பேர் பண்ணா உள்ள ஒரு பிள்ளையார் சுழி போட்டுத் தேதி எழுதுவேன். இவனும் ஏதோ போட்டிருக்கான். படிங்க, எனக்கு இது விளங்கல."

விண்ணரசி குனிந்தாள். வெள்ளைப் பெயின்ட் பேனாவால் மூன்று எழுத்தும் கீழே ஒரு தேதியும் இருந்தன.

சே.ம.சூ. 12-4-03.

சேசு, மரி, சூசை. கத்தோலிக்க வீடுகளில் நோட்டின் முதல் பக்கத்திலும் கடிதத்தின் தலையிலும் போடுகிற எழுத்து. எட்டு வருஷத்துக் கடிதங்களின் தலையிலும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். 'சூ'வின் வாலைக் கீழே இழுத்து, நடுவில் தயங்கி, ஒரு கொக்கி போட்டு முடிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான் உண்டு.

"என்ன தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

மருதையன் அவள் முகத்தையும் அந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோவையும் பார்த்தார். கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் டை கட்டி நின்றுகொண்டிருந்தான் அடைக்கலராஜ். இரண்டு திருகையும் இறுக்கிப் பார்த்தார். ஓட்டினார். அலறல் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடியில் எதைக் கொடுத்தால் சூடு தாங்கும் என்று தலையைச் சொறிந்தார்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் லீவு; பூசை முடிந்து அவன் பேசுகிற நேரம்.

"அரசி, நல்லாருக்கியா? ஃபெபி எங்க?"

"ஓவனைத் திறந்தாச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் லாரி போகிற சத்தம் கேட்டது.

"சே.ம.சூ.ன்னு போட்டு ஏப்ரல் பன்னெண்டுன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்து. அடியில செருப்புத் துண்டு. அதுவும் உங்களுதுதானா?"

"அரசி..."

"மருதையன் அண்ணன் இங்கதான் இருக்காரு. முட்டுக் குடுக்கத் தெரியாம முழிக்கிறாரு. என்ன செய்யணும்னு அவர்கிட்ட சொல்லுங்க. மிச்சத்தை அப்பறம் என்கிட்ட பேசலாம்."

ரிசீவரை மருதையனிடம் நீட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொஞ்ச நேரம் இரண்டு ஆண்களும் கூச்சத்தில் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு மருதையனின் முதுகு நிமிர்ந்தது.

"ஆமா தம்பி, ரெண்டு திருகுதான்... ஓட்டை முக்கால் இஞ்ச் தள்ளி நிக்குது... ஓ, சின்ன மாடலோடதா? அதானே பாத்தேன்... ரப்பர் வேணாமா, சரி... பேக்கலைட்டா? கடையில பழைய மீட்டர் பலகை கிடக்கு... ஆமா, தாங்கும்."

ரிசீவரிலிருந்து கசிந்த குரலை விண்ணரசி கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் கேட்ட குரல் எதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்லும், ஆபீஸ் நல்லாப் போகுது, மேனேஜர் நல்லவர் என்று எதையோ பார்த்துப் படிக்கிற மாதிரி. இது வேறு ஆள். தடதடவென்று பேசினான், அதட்டினான்.

"அண்ணே, திருகு போடற எடத்துல பெயின்ட்டைச் சுரண்டிடுங்க. இரும்பும் இரும்பும் ஒட்டணும். டிரான்ஸ்பார்மருக்கு எர்த்து அந்தத் தகடு வழியாத்தான் போகுது. அது சரியா உக்காரலைன்னா பாடி முழுக்கக் கரண்டு அடிக்கும். நாலு காலுக்கும் பலகையை வச்சிராதீங்க. ஆடுற ரெண்டு காலுக்கு மட்டும்."

"சரிங்க தம்பி" என்றார் மருதையன். 'ங்க' எப்போது சேர்ந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கார்டில் காசு தீர்ந்து போன் அறுந்தது. மருதையன் கடைக்குப் போய் மீட்டர் பலகைத் துண்டோடு வந்தார். அறுத்து, அரத்தால் தேய்த்து, கால்களுக்கடியில் சொருகி, புதிதாக ஓட்டை போட்டு அவற்றையும் இறுக்கினார். பெயின்ட்டைச் சுரண்டினார். மீட்டர் வைத்துப் பாடிக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். மூடியைப் பூட்டித் தண்ணீர் வைத்து ஓட்டினார். பிரிட்ஜ் ஓடுகிற அளவுக்கு ஒரு சின்ன ரீங்காரம். அவ்வளவுதான்.

"பொட்டு சரி பாத்துக்குங்க" என்றார்.

"வேணாம் அண்ணே."

"ஏன், காலையில என்னைக் கள்ளனைப் பாக்குற மாதிரிப் பாத்தீங்க?"

"பாத்தேன். தப்புதான்."

"பரவால்ல, பாக்குறது நல்லது. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பேச்சு பேசணும்னு இருக்கேன். ஊருக்கு வந்தா கடைப்பக்கம் வரச் சொல்லுங்க."

அவர் போன பிறகு போன் மறுபடி அடித்தது. இந்த முறை அவன் நலம் விசாரிக்கவில்லை. திருச்சி ஏஜெண்டு கொடுத்த காகிதத்தில் சூப்பர்வைசர் என்றுதான் போட்டிருந்தது. போய் இறங்கியபோது அந்த ஷோரூமே இல்லை. மூன்று மாதம் அலைந்து ஒரு பழைய சாமான் கடையில் சேர்ந்தான். ஐ.டி.ஐ.யில் படித்தது அங்கேதான் உதவியது. ஜனங்கள் வீடு காலி செய்யும்போது போட்டுவிட்டுப் போகிற ஓவன், வாஷிங் மெஷின், ஏ.சி. எல்லாவற்றையும் பிரித்து இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது அவன் வேலை. அப்படிச் சேர்த்த ஒன்றைத்தான் டப்பா தேடிப் பிடித்துப் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தான்.

"அந்த டை?"

"போட்டோக்காரனோடது. வாசல்ல நின்னு எடுத்துக்கிட்டேன், வேற யாரு கடையோ."

"ஏன் எட்டு வருஷம் சொல்லல?"

"மொத லெட்டர்லயே சூப்பர்வைசர்னு எழுதிட்டேன். அப்பறம் எந்த லெட்டர்ல மாத்தறது?"

அவளுக்கு இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் இத்தனை வருஷமாக மற்றதும் உண்மையாகத்தான் பட்டது.

"வேற என்ன இருக்கு?"

"வேற ஒண்ணுமில்ல."

"வேற ஆளு?"

"ஏய், பைத்தியமா உனக்கு? மாதா மேல சத்தியம்."

"சத்தியம் இருக்கட்டும். அட்ரஸைச் சொல்லுங்க. கடை பேரு, தெருப் பேரு எல்லாம். உங்க முதலாளி பேரும்."

அவன் சொன்னான். காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தையும் திரும்பப் படித்துக் காட்டிச் சரிபார்த்தாள். இரண்டு தடவை.

போனை வைத்ததும் ஃபெபி பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்க கேட்டா என்னம்மா சொல்லப்போற?"

"அதான் யோசிக்கிறேன். சூப்பர்வைசர்னு சொன்னது நான். இப்ப மாத்திச் சொன்னா வரவே மாட்டாங்க."

"இப்ப சொல்லலைன்னா வந்துட்டுப் போயிடுவாங்க. ஊரு பாத்திருக்கும். அது இன்னும் அசிங்கம்."

"உனக்குப் பையனைப் பிடிச்சிருக்குல்ல?"

"போட்டோவைத்தான் பிடிச்சிருக்கு. நம்ம வீட்டுல போட்டோவோட லட்சணம் இன்னிக்குத் தெரிஞ்சிருச்சே" என்றாள் ஃபெபி. அம்மாவைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். ஆனால் அவளே சிரிக்கவில்லை.

விண்ணரசி நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டாள். ரெமிஜியஸ் சார்தான் எடுத்தார்.

"சார், ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் சூப்பர்வைசர் இல்ல. பழைய சாமான் கடையில ரிப்பேர் வேலை பாக்குறாரு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். அட்ரஸ் சொல்றேன், எழுதிக்குங்க. உங்க தங்கச்சி மகனை அனுப்பி விசாரிச்சுக்கலாம். அதுக்கப்பறம் வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் டி.வி.யை யாரோ குறைத்தார்கள்.

"இதை நீங்களா எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டார் அவர். குரலில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. விடைத்தாளில் எதிர்பாராத விடையைப் பார்த்தவர் மாதிரி கேட்டார்.

"வேற ஆள் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் சார்."

"அட்ரஸ் வேணாம்மா. எங்கிட்ட இருக்கு."

விண்ணரசிக்குப் புரியவில்லை.

"நீங்க அட்ரஸ் குடுக்கற வரைக்கும் காத்திருப்பானேன்னு என் தங்கச்சி மகன் வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசையில விசாரிச்சிருக்கான். கீழ்வேளூர்ப் பக்கம் அடைக்கலராஜ்னதும் ஆளைக் காட்டிட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கடைக்குப் போய்ப் பாத்துட்டும் வந்துட்டான். கடையில ஒரு ஏ.சி.யைப் பிரிச்சிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாராம். நல்ல மனுஷன், தொழில்காரர்னுதான் சொன்னான்."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்."

விண்ணரசிக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து ஒவ்வொருவர் மேலும் சந்தேகப்பட்டவள் அவள். இரண்டு வாரமாக ஒரு ஆள் தன்னை நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்து காபியைக் குடிச்சிட்டு, நான் பொய் சொல்றதை வேடிக்கை பாக்க இருந்தீங்களா சார்?"

"அப்படி இல்லம்மா. பொண்ணு எடுக்கற இடம், நாலையும்..."

"நாங்களும் பொண்ணு குடுக்கற இடந்தான். நீங்க விசாரிச்ச மாதிரி நான் விசாரிக்கல. நீங்க சொன்னதை அப்படியே நம்பினேன். ரெஜின் தம்பிக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"சாப்ட்வேர் கம்பெனிதான்மா."

"சாப்ட்வேர்ல என்ன வேலை?"

ரெமிஜியஸ் சார் தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட மனிதர்.

"கம்பெனி சாப்ட்வேர் கம்பெனிதான்" என்றார் கடைசியில். "இவன் இருக்கறது... போன் செக்ஷன். ராத்திரி வேலை. அமெரிக்காவுலேருந்து பேசறவங்களுக்குப் பதில் சொல்லணும். சம்பளம் நல்ல சம்பளம்தான். கம்ப்யூட்டர்லதான் வேலை. அதனால நாங்க சாப்ட்வேர்னு..."

"சரி."

"ஒண்ணு மட்டும் இருக்கும்மா. நீங்க பின்னாடி தெரிஞ்சுக்கறதுக்கு நானே சொல்லிடறேன். அந்த ஊர்க்காரங்க வாய்ல நம்ம பேரு வராதாம். அதனால வேலையில அவனுக்கு வேற பேரு வச்சிருக்காங்க."

"என்ன பேரு?"

"ரிச்சர்டு."

ரிசீவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஃபெபி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அழுகிறாளோ என்று விண்ணரசி பயந்துபோய்ப் பார்த்தாள். அழவில்லை, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கிழமை எந்தப் பேர்ல வர்றாரு சார்?" என்று கேட்டாள் விண்ணரசி.

"ரெஜினாத்தான்மா வருவான்" என்றார் அவர். சிரிக்கலாமா என்று தெரியாமல் சொன்னது மாதிரி இருந்தது. "ரெண்டாம் பூசை முடிஞ்சு புறப்படறோம். அவனை நீங்களே உக்கார வச்சு எல்லாம் கேட்டுக்குங்க."

"கேக்கத்தான் போறோம்" என்றாள் விண்ணரசி.